முந்திக்கொண்டவன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் படத்தையும் கடைசிவரை பார்க்கிறவன் இல்லை.

பொறுமையில்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். என் வேலை அப்படி. ‘முந்தி’ என்று ஒரு யூட்யூப் சேனல் நடத்துகிறேன், மேடம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்படாதவர்களில் என் மாமனாரும் ஒருவர், அவர் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். உலகத்தின் எந்த மூலையில் ஒரு சினிமா விருதுக்கான ஆரம்பப் பட்டியல் வெளியானாலும், அதிலுள்ள படங்களைப் பற்றி மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் காரைக்குடியிலிருந்து நான் பேசி முடித்திருப்பேன். சேனலுக்கு அந்தப் பெயர் வைத்ததே அதனால்தான்.

எல்லாரையும் முந்த வேண்டுமென்றால் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டிரெய்லர், முதல் சில நிமிடங்கள், யாரோ எழுதிய கதைச் சுருக்கம், இவ்வளவு போதும். மிச்சத்தை என் முகபாவம் பார்த்துக்கொள்ளும். “படத்தின் முடிவு நம்மை உலுக்கிவிடுகிறது” என்று நான் சொல்லாத படமே கிடையாது. என்னை எந்த முடிவும் உலுக்கியதில்லை, ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

என் மனைவி புஷ்பவள்ளிக்கு இந்த ரகசியம் தெரியும். “படத்தப் பாக்காமயே பேசுறதுக்கு ஒரு சேனலு, அதுக்கு ஒரு லைட்டு, ஒரு மைக்கு. நான் பாக்குற சீரியலயாச்சும் ஒருநா முழுசாப் பாருங்களேன்” என்பாள். விமர்சகனுக்கு வீட்டில் மரியாதை கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

சோற்றுக்கு ஃபிளக்ஸ் பேனர் கடை இருக்கிறது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், எதுவானாலும் சொன்ன நேரத்துக்கு முன்பே அடித்துக் கொடுத்துவிடுவேன். கடையில் கூட்டமில்லாத நாட்களில் குறும்பட இயக்குநர்களைப் பேட்டி எடுப்பேன். பெரிய இயக்குநர்கள் போனை எடுப்பதில்லை. குறும்படக்காரர்கள் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார்கள். எல்லாரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: “இந்தப் படத்துக்கான பொறி எங்கே விழுந்தது?” படம் பார்க்காதவன் கேட்கக்கூடிய கேள்விகளில் அதுதான் உத்தமமானது. கேட்டுவிட்டால் அவர்களே பேசிக்கொள்வார்கள், நான் தலையாட்டினால் போதும்.

இன்ஸ்பெக்டர் நாகஜோதி அவர்களே, நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். இதைவிடக் கௌரவமாக யாரும் என்னை எழுதக் கேட்டதில்லை. குறும்பட இயக்குநர் சிங்கம்புணரி சத்தியப்பிரியா என் பேட்டியின்போது மொட்டை மாடியிலிருந்து விழுந்து இறந்த அன்று உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கிறது. சொல்லுக்கு வருவதற்கு முன் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு குறும்படம் எடுத்தேன். ‘எழுந்து போனவர்’ என்று பெயர். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு முறை திரையிட்டோம். படம் முடிந்ததும் சாப்பாடு என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால் நல்ல கூட்டம். பாதியிலேயே இலை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு முன்வரிசையில் யார் மிஞ்சினார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை என்பதே சரி.

அந்தப் படத்தில் ஒரு ஷாட் உண்டு. துக்க வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். அவர் போன பிறகும் கேமரா நகராது. வெறும் நாற்காலி மட்டும் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி நான் பேசாத மேடையில்லை. வெறுமையை முதன்முதலில் காட்டியவன் நான் என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறேன். உண்மையில் நடந்தது வேறு. என் கேமராமேன் ஐயனார், கல்யாண வீடியோ எடுக்கிற பையன், கேமராவை அணைக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஆனாலும் அந்த மறதியை வெட்டாமல் படத்தில் வைத்தது நான்தானே. என் ஆயுசில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு ஷாட்தான் இருந்தது.

போன மாசம், வெளிநாட்டு விழா ஒன்றின் ஆரம்பப் பட்டியலில் சத்தியப்பிரியாவின் ‘வாடகை நாற்காலி’ வந்தது. துக்க வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிற ஒரு பந்தல்காரரின் கதை. வழக்கம்போல முதல் சில நிமிடங்களை ஓட்டினேன். ஒரு பெண் எழுந்து உள்ளே போகிறாள். கேமரா நகரவில்லை. நாற்காலி காற்றில் ஆடுகிறது.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இருபது நிமிடப் படத்தைக்கூட முழுதாகப் பார்க்க முடியாதா என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. திருடு போன பொருளைத் தெருவில் பார்த்தவன், அதை எடுத்துக்கொண்டு போகிறவர் கூடவே கடைசிவரை நடந்துபோவானா? அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. வயிற்றெரிச்சல் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அதை மறுக்க முடியாது. மறுநாளே சிங்கம்புணரியிலிருந்து அந்தப் பெண்ணுடைய மாமா மீனாட்சிசுந்தரம் கடைக்கு வந்தார். வாழ்த்து பேனர் அடிக்க வேண்டுமாம். “எங்க வீட்டுப் புள்ள வெளிநாடு வரைக்கும் போயிருச்சு தம்பி. படம் நல்லாப் பெருசாத் தெரியணும்” என்றார். அவளுடைய சிரித்த முகத்தைப் பன்னிரண்டு அடிக்கு நானே பெரிதாக்கினேன். பின்னால் ஒரு நாற்காலி படமும் வைக்கச் சொன்னார். அதையும் வைத்தேன்.

பேட்டிக்குக் கேட்டபோது உடனே சம்மதித்தாள். “சென்னையிலருந்து ரெண்டு மூணு சேனல்ல கூப்பிட்டாகண்ணே. மொதப் பேட்டி உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்” என்றாள். என் சேனலின் தரம் அப்போதாவது ஒருத்திக்குப் புரிந்ததே என்று நினைத்தேன். மனிதன் எந்த நிலையிலும் தன்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொள்ள ஓர் இடம் கண்டுபிடித்துவிடுகிறான்.

இடம் கண்டரமாணிக்கம். படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிற பெரிய வீடு, சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். முன்பு அங்கே வந்த ஒரு சினிமாக் குழு, கிரேன் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதியை இடித்துவிட்டு, கட்டித் தராமலே போய்விட்டது. அந்த இடத்தில் தரை சட்டென்று முடியும். கீழே கல் பாவிய பின்கட்டு. முதல்முறை நான் அங்கே போனபோதே காவல்காரர் பெத்தன் எச்சரித்தார்: “அங்குட்டு மட்டும் போயிராதீக தம்பி.”

சத்தியப்பிரியா அதற்கு முன் அந்த வீட்டுக்கு வந்ததில்லை.

பேட்டி பின்மதியம். வெயில் சாய்ந்து முகத்தில் விழுகிற நேரம், எல்லாரையும் நல்லவர்களாகக் காட்டும் வெளிச்சம். பின்னணிக்குப் புஷ்பவள்ளியின் கண்டாங்கிச் சேலையைக் கயிற்றில் கட்டித் தரைவரை தொங்கவிட்டிருந்தேன். அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட சேலை, கேமராவில் அற்புதமாக வரும். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, “நம்ம ஊருச் சேல, நல்லாருக்குண்ணே” என்றாள். சேலைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் உட்கார்ந்தாள். நான் கேட்டேன், பொறி எங்கே விழுந்தது என்று.

சிரித்தாள். “அதத்தான் படத்தோட கடைசியில சொல்லியிருக்கேனேண்ணே. பாத்தீகல்ல?”

“பார்த்தேம்மா. உலுக்கிருச்சு.”

அவள் காத்திருந்தாள். அந்த மௌனம் ஒளிப்பதிவில் அப்படியே இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். பிறகு, “அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் தோணலையாண்ணே உங்களுக்கு?” என்றாள். முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எடுத்ததும் எடுத்தாள், பறிகொடுத்தவனிடமே பாராட்டும் கேட்கிறாளே என்று நினைத்தேன். பார்க்கவில்லையம்மா, என்ன போட்டிருக்கிறாய், காட்டு என்று கேட்டிருந்தால் போனை எடுத்து அங்கேயே காட்டியிருப்பாள். அதைக் கேட்க வேண்டுமென்றால், படம் பார்க்காமல் பேட்டி எடுக்கிறவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் காப்பாற்றிய மானத்தை ஒரு சின்னப் பெண்ணிடம் விடுவதா?

ஐயனாரைக் காரிலிருந்து இன்னொரு பேட்டரி எடுத்துவரச் சொல்லிக் கீழே அனுப்பினேன். கேமராவில் இருந்த பேட்டரி நிறைந்துதான் இருந்தது. அவன் படியிறங்குகிற சத்தம் அடங்கியதும் அவளிடம் சொன்னேன்: “கடைசியா ஒரு ஷாட்டும்மா. உன் படத்துல வர்ற மாதிரியே. நீ எந்திரிச்சுப் பின்னாடி போயிரு, நாற்காலி மட்டும் ஃப்ரேம்ல இருக்கட்டும்.”

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எழுந்து, என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். சேலை முதுகில் படுகிற இடத்தில் நின்று, “போதுமாண்ணே?” என்றாள்.

அப்போது நான் சொன்ன சொல்தான் ஒளிப்பதிவில் இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் அங்குட்டு.”

இங்குட்டு வா என்று சொல்ல வந்தேன், வாய் தவறிவிட்டது என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் நம்பினீர்கள். “படபடப்புல யாருக்கும் அங்குட்டு இங்குட்டா வாரதுதான்” என்று ஏட்டிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. சென்னைப் பெண்ணாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டுத் திரும்பியும் பார்த்திருப்பாள். இவள் நம்ம ஊர்ப் பெண். அங்குட்டு என்றால் எங்குட்டு என்று அவளுக்குக் கேட்காமலே புரிந்தது. சேலைக்குப் பின்னால் சுவர் இருக்கும் என்று நம்பிச் சாய்ந்தாற்போல ஓர் அடி எடுத்து வைத்தாள்.

வாய் தவறவில்லை, மேடம். இடித்த சுவர் தெரியாதபடி அந்தச் சேலையை முதல் நாளே போய்க் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

கயிறு அறுந்து சேலையும் அவளோடு போய்விட்டது. நாற்காலி மட்டும் நின்றது. காற்றில் லேசாக ஆடியது. ஐயனார் கீழேயிருந்து அலறுகிறவரை கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. இந்த முறை யாரும் அணைக்க மறக்கவில்லை.

மாட்டிக்கொண்டதும் என் சொந்த லட்சணத்தால்தான். மறுநாள் காலை மீனாட்சிசுந்தரம் அழுதுகொண்டே கடைக்கு வந்தார், கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்று. “அடிச்சே வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க” என்று சுருட்டி வைத்திருந்ததைக் கையில் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே பேனர் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் வந்து கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தீர்கள். அந்தப் பேனரைப் புதன்கிழமை செய்திருந்தேன். அதில் மறைவு என்று போட்டிருந்தது வியாழக்கிழமைத் தேதி.

“வியாழக்கெழம சாகப்போற புள்ளைக்குப் புதன்கெழமயே எப்படிண்ணே தேதி போட்டீக?” என்று நிதானமாகக் கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள், மிஷினில் வேலை நெருக்கும் என்பதால் முன்கூட்டியே அடித்தேன் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அதிலிருந்த முட்டாள்தனம் எனக்கே தெரிந்துவிட்டது. சேனலுக்குப் பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை உங்கள் போனில் ‘வாடகை நாற்காலி’யை எனக்கு முழுதாக ஓட்டிக் காட்டினீர்கள். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்தேன், அதுவும் கையில் விலங்கோடு. நல்ல படம், மேடம். அந்தப் பந்தல்காரர் கடைசியில் தன் வீட்டுத் துக்கத்துக்கே நாற்காலி போடுகிற இடத்தில் பக்கத்தில் நின்ற ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரை இருண்டது. பெயர்கள் வர ஆரம்பித்தன. எழுந்திருக்கப் போன என்னை நீங்கள் தோளில் அழுத்தி உட்கார வைத்தீர்கள்.

நடிகர்கள், ஒலி, படத்தொகுப்பு எல்லாம் போன பிறகு கறுப்புத் திரையில் இது மட்டும் வந்தது:

“பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பிடப் போகாமல் என்னை உட்கார வைத்த அந்த நாற்காலிக்கு. அதைக் காட்டிய காரைக்குடி முத்தரசு அண்ணனுக்கு.”

திரும்ப ஓட்டச் சொல்லிக் கேட்டேன். ஓட்டினீர்கள். அதே பெயர்தான், என் பெயர்தான்.

ஆகவே, சத்தியப்பிரியாவை நான்தான் கொன்றேன், தெரிந்து, திட்டமிட்டு, ஒரு நாள் முன்னதாகவே. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். விமர்சகன் என்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்ல அனுமதிக்க வேண்டும். அந்த நன்றி வரி திரையில் நிற்கிற நேரம் ரொம்பக் குறைவு, எழுத்தும் சிறியது. இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. படத்தில் எனக்குத் தெரிந்த ஒரே குறை அதுதான். மற்றபடி, முடிவு நம்மை உலுக்கிவிடுகிறது.