ஒரே ஒரு நேயர்

தம்பி: பாட்டு முடிஞ்சதும் நீதான் பேசணும்க்கா. மைக்கைப் பிடி.

அக்கா: வேண்டாம். இந்த இணைய வானொலியையே மூடிடு.

தம்பி: மூடறதா? நேரலை போயிட்டிருக்கு...

அக்கா: யாருக்குப் போகுது? திரையில நேயர் எத்தனைன்னு பாரு.

தம்பி: ஒண்ணு.

அக்கா: அந்த ஒண்ணும் நீதான். நான் சோர்ந்துடக் கூடாதுன்னு உன் போன்ல போட்டு வச்சிருப்ப.

தம்பி: என் போனா? இதோ பாரு, சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. சத்தியமா நான் இல்ல.

அக்கா: அப்ப யாரோ தெரியாம தட்டியிருப்பாங்க.

தம்பி: தினமுமா? நீ பேச ஆரம்பிச்சதும் வர்றாங்க. நீ முடிச்சாத்தான் போறாங்க.

அக்கா: வேலைவெட்டி இல்லாத ஆளா இருக்கும்.

தம்பி: இருந்துட்டுப் போகட்டும். வீட்ல இருக்கிற போர்வையெல்லாம் சுவத்துல மாட்டிட்டு நான் குளிர்ல நடுங்கறேன். மூடுன்னு சுலபமா சொல்ற.

அக்கா: உன்னை யாரு மாட்டச் சொன்னா?

தம்பி: குரல் எதிரொலிக்குதுன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டது யாரு?

அக்கா: சரி, நான்தான்.

தம்பி: உனக்காகத்தான்க்கா ஆரம்பிச்சேன். மாமாவை விட்டுட்டு இங்க வந்ததுலேருந்து நீ வாயே திறக்கல. ஏன் வந்தேன்னும் சொல்லல.

அக்கா: அப்பா கேட்டாரா, நான் சொல்ல? "அவளைச் சாப்பிடச் சொல்லு"ன்னு உன்கிட்டதானே சொல்றாரு. நான் எதிர்லயே நிக்கறேன்.

தம்பி: அவருக்கு வருத்தம்...

அக்கா: வருத்தமில்லடா. நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயம்.

தம்பி: சரி விடு. இந்த அறையிலயாவது பழையபடி பேசற. ரேடியோல சொல்லிட்டிருந்த உன் தோழி கதையைப் பாதியில விட்டா எப்படி? குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு புருஷன் கரண்டியைக் காய்ச்சினான்... அப்புறம்?

அக்கா: அதுக்கு மேல முடியலடா.

தம்பி: அந்தப் பொண்ணு தப்பிச்சாளா, இல்லையா?

அக்கா: தப்பிச்சா. பொறந்த வீட்டுக்கு வந்தா. அங்க ஒருத்தரும் அவகிட்ட எதுவும் கேக்கல. கதை அவ்வளவுதான். மூடு.

தம்பி: நல்லா யோசிச்சியா?

அக்கா: மூடுன்னு சொல்றேன்ல.

தம்பி: ...மூடிட்டேன். நேயர் பூஜ்யம்.

அக்கா: போர்வையை எடுத்துக்கோ. இனிமே குளிராது.

தம்பி: இரு... கதவைத் தட்டறாங்க. அப்பா? வாங்கப்பா.

அப்பா: பாட்டு பாதியில நின்னுபோச்சு. ஏன்னு அவளைக் கேளு.

தம்பி: எந்தப் பாட்டுப்பா?

அப்பா: உங்க ரேடியோல. போன் கடைக்காரர்கிட்ட சொல்லி என் போன்ல போட்டு வாங்கிக்கிட்டேன். அறைக்கதவைச் சாத்திக்கிட்டு தினமும் கேக்கறேன்.

தம்பி: நீங்களா அது?

அப்பா: கதையும் பாதியில நிக்குது.

அக்கா: அது... என்கூடப் படிச்ச ஒருத்தியோட கதைப்பா. உங்களுக்குத் தெரியாது.

அப்பா: எந்தக் கையிலம்மா சூடு வச்சான்? காட்டு.