இரண்டு சாய்கோடு

— “அப்பா எழுதினதை அம்மா ஏன் அழிக்கிறாங்க?”ன்னு பாப்பா ஒரு நாள் கேட்டாளே, ஞாபகம் இருக்கா?

— அழிக்கலைங்க, உங்க புரோகிராமைப் புதுசா மாத்தி எழுதுறேன்னு அன்னைக்கே சொன்னேன். கேக் டப்பாவைச் சாய்க்காம பிடிங்க.

— உன் பேர் எழுதின கேக்கு. நானே சுமந்துக்கிட்டுப் படி இறங்குறேன்.

— வயிறு எரியுதாக்கும்?

— எனக்கெதுக்கு... பன்னிரண்டு வருஷம் இந்த மருந்துக் கம்பெனிக்கு என் பில் புரோகிராம்தான் ஓடுச்சு. ஒரு பிஸ்கட் வாங்கித் தந்த ஆள் இல்லை. சும்மா சொன்னேன்.

— சும்மா சொல்ற மூஞ்சியா இது?

— மேனேஜர் உன்னை ‘கம்பெனியோட மூளை’ன்னாரே. அப்ப நான் என்ன, குதிகாலா?

— மெதுவாப் பேசுங்க, பில் போடுற அக்கா பின்னாடி வர்றாங்க.

— வரட்டும். தேதிக் கட்டத்துல புள்ளி வச்சா இன்னைக்குத் தேதி வரும். கடை பேருக்குப் பக்கத்துல ரெண்டு சாய்கோடு போட்டா, அந்தக் கடை போன தடவை வாங்கின சரக்கு மொத்தமும் வந்து நிக்கும். அந்த ஷார்ட்கட் எல்லாம் அவங்களுக்காக யார் யோசிச்சது?

— நீங்கதான். ஒரு கை சரியா வராதவங்க, அது இல்லேன்னா அவங்க வேலையே போயிருக்கும். அதான் பழசு அத்தனையும் புதுசுலயும் ஓடணும்னு நான் பிடிவாதமா நின்னேன்.

— நின்னே, நின்னே. காலையில அந்த ரெண்டு கோடு ஓடலையே.

— உங்களுக்கு யார் சொன்னது?

— ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

— ஒருத்தருக்கும் தெரியாதுங்க. பாத்ரூம்ல போய் அழுதேன். மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும்... நீங்க அதை எந்த மூலையில எழுதி வச்சீங்களோ, கண்ணுல படவே இல்லை.

— என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?

— ரெண்டு மாசமா முகம் கொடுத்துப் பேசியிருந்தா கேட்டிருப்பேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா அது ஓடுது.

— சாமி சரி பண்ணியிருப்பார். நீதான் விடாம கும்பிடுறியே.

— சாமிக்குக் கால் அவ்வளவு நீளமா? என் நாற்காலி ஒரு சாண் உயர்ந்திருந்துச்சு. உட்கார்ந்தா பாதம் தரையில படலை. தலைவலின்னு சாப்பிட வராம இருந்தீங்களே. பொறாமைப்படுற மனுஷன் பண்ற காரியமா இது?

— பொறாமை இப்பவும்தான் இருக்கு. கேக்கைப் பார்த்தாலே இருக்கு.

— நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன், அதைச் சரி பண்ணினது நீங்கன்னு.

— சொல்லாதே. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரி இருபத்தொன்பது. நமக்குக் கல்யாணம்கூட ஆகலை. புள்ளி வச்சா மார்ச் ஒண்ணுன்னு காட்டுச்சு. நான் சாப்பிட்டுட்டு வந்தப்ப தேதி சரியா இருந்துச்சு, மேனேஜர் என் முதுகுல தட்டினார். என் நாற்காலி மட்டும் ஒரு சாண் இறங்கியிருந்துச்சு... பக்கத்து மேசையில இருந்த நீ இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை.