அரக்கன் வரும்போது அப்பாவின் குறட்டை

ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கப்பா குறட்டையில ஊர்ப்பட்ட பேர் சாவுறாங்கடி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"என்னடி சொல்ற?"

"தம்பி வீடியோ கேமுக்கு மியூசிக் போடுறான்ல? கடைசி அரக்கனோட சண்டை போடுற இடத்துக்கு அவன் போட்டது எதுவுமே அவங்க கம்பெனியில பிடிக்கல. லீவுல வந்தப்ப, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு அப்பா தூங்கிக்கினு இருந்தாரு. அந்தக் குறட்டைய போன்ல பிடிச்சு, மெதுவாக்கி, மேளம் சேர்த்து அனுப்பிட்டான். அதையே எடுத்துக்கிட்டாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு கொஞ்ச நாள் அவன்கூடப் பேசவே இல்ல. இப்ப அவரே உக்காந்து விளையாடிக்கினு இருக்காரு."

"அரக்கனை ஜெயிச்சுட்டாரா?"

"எங்க? வேணும்னே தோக்குறாரு. அரக்கன் செத்துட்டா மியூசிக் நின்னுடுதாம்."