பிரிக்காத பொட்டலமும் பெரிய அண்டாவும்

மலையே இறைவனாய் நிற்க, அந்த மலையடியில் மேடை போட்டு என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கும் பௌர்ணமி அன்னதான சபைத் தலைவர் காசி அவர்களே! ஏழு மாதத்துக்கு முன் என் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்த அதே கையால் இன்று அழைப்பிதழ் நீட்டிய செயலாளர் தசரதன் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அடி அண்ணாமலை ஊராரே! உங்கள் அனைவருக்கும் ஆராயியின் வணக்கம்.

தசரதன் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஏழு மாதம் காத்திருந்தவளுக்கு ஏழு நிமிடம் கிடையாதா ஐயா?

இன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற கார்த்திகை தீபத்தன்று, வெறுங்காலோடு மலை சுற்றி வரும் மக்களுக்கு நம் சபை எதைக் கொடுக்கப் போகிறது? அடுப்பில் வெந்ததையா, அட்டைப்பெட்டியில் வந்ததையா? தீர்மான நோட்டில் 'பாதிக்குப் பாதி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதியை அடிக்கத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

சித்திரைப் பௌர்ணமியை நினைத்துப் பாருங்கள். நம் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் படையல் மலைக்கு. இலை போட்டு, மலையைப் பார்த்துப் பரிமாறி, கற்பூரம் காட்டிய பிறகுதான் மனிதருக்கு. அன்று அந்த இலையில் என்ன இருந்தது? ஒரு பிஸ்கட் பொட்டலம். பளபளவென்று, பிரிக்காத பொட்டலம்! அதற்கு மணி, அதற்குக் கற்பூரம்!

நான் கேட்டேன்: "ஏம்பா தசரதா, கவரைக்கூட பிரிக்கலையே, அண்ணாமலையாரு எப்படிப்பா சாப்பிடுவாரு?"

"பிரிச்சா நமுத்துப் போயிடும் பெரிம்மா. அப்படியே எடுத்து ஜனங்களுக்குக் குடுத்துடலாம்."

"ஒரு நாழி சாமி முன்னால இருந்தா நமுத்துடும்னு பயப்படற. ஆறு மாசம் பெட்டியில கிடந்தும் கெடாதத மனுசன் வயித்துக்குள்ள போடறியே, அதுக்குப் பயம் இல்லையா?"

பிரித்தேன். என் கையாலேயே பிரித்து இலையில் கொட்டினேன். மறுநாள் சபையில் என் பெயர் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. கிரிவலப் பாதையின் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். கூட்டிய எழுத்தை வைத்து அந்தப் பொட்டலத்தின் முதுகைப் படித்தேன். எறும்பு எழுத்தில் பதினாறு பொருள்! மைதா தெரிந்தது, சர்க்கரை தெரிந்தது, எண்ணெய் தெரிந்தது. மற்ற பதிமூன்றை யாரிடம் கேட்பது? மளிகைக் கடைக்காரர் மருந்துக் கடைக்குப் போகச் சொன்னார்! சிரிக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம் பார்த்தோமே, ஆண்டவனை எதனால் மூடினார்கள்? வடித்த சோற்றால்! நிலம் விளைத்து, நீர் வேகவைத்து, நெருப்பு பக்குவம் பண்ணிய சோற்றால்! பொட்டலத்தால் அபிஷேகம் செய்தவர் உண்டா? பிஸ்கட்டால் அலங்காரம் செய்தவர் உண்டா? இறைவன் மேனிக்கு ஆகாதது, அவன் அடியார் வயிற்றுக்கு மட்டும் ஆகுமா?

வைகாசியில், சபைப் பந்தலுக்கு நேர் எதிரே, நானும் என் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையும் அடுப்பு மூட்டினோம். ஒரு அண்டா சாமைக் கஞ்சி. ஒரு குண்டான் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சாப்பிட்டவர்கள் பதினோரு பேர்! மீதி மாட்டுக்கு. எதிர்ப்பந்தலிலிருந்து ஒரு குரல்: "ஆராயிக்கா, ஈ ஓட்ட ஆள் வேணுமா?" ஆனியிலும் அதே கதை. ஆடியில் மழை அடுப்பை அணைத்தது. பாஞ்சாலை அழுதாள். "போதும்க்கா, ஊரே சிரிக்குது" என்றாள். "சிரிக்கட்டும்டி, பசிச்சா வருவாங்க" என்றேன்.

வந்தார்கள்! யார் வந்தார்கள் தெரியுமா? ஆவணிப் பௌர்ணமி. பொழுது சாயும் நேரம். என் அடுப்புக்குப் பின்னால் வேலி ஓரம் சரசரவென்று சத்தம். பாம்போ என்று பார்த்தால், சபையின் மஞ்சள் சட்டை! ஒன்றல்ல, ஒன்பது! காலையிலிருந்து பொட்டலம் கொடுத்துக் கொடுத்துக் களைத்த தொண்டர்கள். நடுவிலே யார்? சொல்லட்டுமா தசரதன் அவர்களே?

"பெரிம்மா, ரெண்டு கரண்டி கஞ்சி கிடைக்குமா? பசி தாங்கல."

"ஏன், உங்க பந்தல்ல மலையா குவிச்சு வச்சிருக்கீங்களே?"

"அத எவ்ளோ பெரிம்மா சாப்பிடறது? நெஞ்சு கரிக்குது."

"சாப்பிடு ராசா. ஆனா வேலி வழியா இல்ல. முன்னால வந்து வரிசையில நில்லு."

நின்றார்கள். மஞ்சள் சட்டையோடு, மார்பில் சபை அட்டையோடு, என் அண்டா முன் ஒன்பது பேர்! மலை சுற்றி வந்த ஜனம் பார்த்தது. 'சபைக்காரங்களே இங்கதான் சாப்பிடறாங்க, அன்னதானம் இங்கதான் போல' என்று பாதையைக் கடந்தது பாருங்கள் ஒரு கூட்டம்! அண்டா காலி. குண்டான் காலி. மறுபடி உலை, மறுபடி காலி! எதிரே பொட்டலங்கள் பொட்டலங்களாகவே இருந்தன. நான் வெல்லவில்லை ஐயா, பசி வென்றது! வெந்த சாமை வென்றது! மண்ணுக்குள் விளைந்த மல்லாட்டை வென்றது!

என்னம்மா அங்கே? 'தீபக் கூட்டத்துக்கு அண்டா தாங்குமா' என்றா கேட்கிறாய்? உன் வீட்டு அண்டாவையும் கொண்டு வா, தாங்கும்!

இப்போது தலைவருக்கு ஒரு சோதனை. இதோ வாழை இலை. வலப்பக்கம் அவித்த மல்லாட்டை. இடப்பக்கம் பிஸ்கட், இந்த முறை பிரித்தே வைத்திருக்கிறேன். காசி அவர்களே, மலையைப் பார்த்து ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள். நீங்கள் எடுப்பதே தீபத்தன்று ஊருக்கு. பிஸ்கட்டை எடுத்தால் நான் வாய் திறக்காமல் இறங்கிவிடுகிறேன்.

என்ன முணுமுணுக்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்.

"எனக்கு சக்கரை ஜாஸ்திக்கா. பிஸ்கட்டத் தொடக்கூடாதுன்னு டாக்டரு கண்டிப்பா சொல்லிட்டாரு."

கேட்டீர்களா ஊராரே! தனக்கு ஆகாததையா இத்தனை பௌர்ணமி தானம் கொடுத்தோம்? சிரியுங்கள், இப்போது சிரிக்கலாம்! இதோ, தலைவரே சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே கை வலப்பக்கம் போகிறது. தோலை உரிக்கிறார். வாயில் போட்டுவிட்டார்! தசரதா, அந்த நோட்டைத் திற. 'பாதிக்குப் பாதி'யை அடி. என் பெயரை அடித்த பேனாவாலேயே அடி! தலைவர் கையெழுத்துப் போடுகிறார், எல்லோரும் பாருங்கள்!

பொன்னாடை போர்த்த வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் மடித்து வைக்கவும் மாட்டேன். தீபத்தன்று கொதிக்கும் அண்டாவை இறக்க எனக்கு நல்ல கெட்டியான பிடிதுணி வேண்டும், இது போதும்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கைதட்டிய தாய்மார்க்கும், கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்ட தசரதனுக்கும் நன்றி. அண்ணாமலையாருக்கு அரோகரா! அடுப்படிக்கும் அரோகரா! வணக்கம்.