மஞ்சள் விலைத்துண்டு

இப்போதெல்லாம் ஒருவரும் பில்லைப் பார்ப்பதில்லை. அட்டையை இழுக்கிறார்கள், பில்லைக் கசக்கிப் பைக்குள் போடுகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். காட்டினால் பெற்றோலில் லீற்றருக்கு நாலு சதம் குறைப்பான் என்பதற்காக அதன் கீழ்த்துண்டை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வார்கள். மேலே என்ன அடித்திருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். படித்த ஆட்கள்தான் இதில் மோசம். கிளென் வேவர்லி மாதிரிப் பணக்கார இடத்தில் வீடு வாங்கியவன் எவனாவது தகரத்தில் அடைத்த ரின்மீனின் விலையை உற்றுப் பார்த்து நீங்கள் கண்டதுண்டா? பார்த்தால் மரியாதை குறைந்துவிடும்.

நான் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் இலக்கம் வாசிப்பேன். ஊரில் பங்கீட்டு அரிசி கொடுக்கிற கூப்பன் கடைக்காரன் நிறுக்கும்போது என் தாய் தராசைப் பார்க்கமாட்டாள், அவனுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு எங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் அரிசி குறைந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடை என்று இருந்தால் அங்கே ஒரு களவு இருக்கும். எந்த நாடாக இருந்தால் என்ன.

முதல் தடவை நடந்தது தற்செயல். ஸ்பிரிங்வேலில் நாங்கள் வழக்கமாகப் போகும் சுப்பர்மார்க்கட்டில் ஒரு ரின்மீன் எடுத்தேன். சாமான் அடுக்கிய தட்டின் விளிம்பில் மஞ்சள் துண்டு செருகி விலையைக் குறைத்திருந்தார்கள். காசு கொடுக்கிற இடத்தில் மெஷினில் காட்டியபோது கூடின விலை விழுந்தது. தெரிந்த நாலு இங்கிலீசை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். மனேஜர் வந்தான், போய்த் தட்டைப் பார்த்தான், திரும்பி வந்து ரின்மீனைச் சும்மா என் கையில் வைத்தான். தட்டில் போட்ட விலையைவிட மெஷின் கூட்டிக் காட்டினால் அந்தச் சாமானை இலவசமாகக் கொடுப்பது அவர்களுடைய சட்டமாம். ஒரு கடதாசியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ‘சொறி, சேர்’ என்றான்.

நான் ரின்மீனுக்காகச் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கவேண்டாம். எண்பத்துநாலில் இந்த நாட்டுக்கு வந்து, காருக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் முதுகு முறியுமட்டும் நின்றவன் நான். ஒருநாள் பூட்டுகிறோம் என்றார்கள். கேற்றில் வைத்து ஆளுக்கொரு கடித உறையைத் தந்தார்கள். ஒருவனும் சொறி சொல்லவில்லை. இங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டது அந்த ரின்மீனுக்குத்தான். வீட்டுக்கு வந்து சேரும்வரைக்கும் அந்தச் சொல் காதுக்குள்ளேயே இருந்தது.

அதன்பிறகு அந்தக் கடையின் நடப்பைக் கவனித்தேன். குறைத்த விலை ஞாயிற்றுக்கிழமையோடு முடியும். திங்கள் காலை கடை திறக்குமுன் பழைய மஞ்சள் துண்டுகளை ஒருவர் கழற்றிவிட வேண்டும். ஒன்றைக் கழற்ற மறந்தாலும் தட்டு ஒரு விலை சொல்லும், மெஷின் வேறு விலை சொல்லும். ஆகவே நான் திங்கட்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். தட்டுத் தட்டாகப் பார்த்தேன். மறந்த துண்டு ஒன்றும் அகப்படவில்லை. கழற்றுகிறவள் அவ்வளவு கவனமாகக் கழற்றியிருந்தாள்.

அவள் பெயர் கமலினி. எங்கள் ஆள்தான், வவுனியாப் பக்கம். கிளேட்டனில் ஒரு அறையில் இருந்தாள். புருஷனும் பெண்பிள்ளையும் திருச்சியில். அவர்களைக் கூப்பிடுவதற்குத்தான் அவள் ஓய்வில்லாமல் வேலை செய்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒருநாள் சவுக்காரத்தூளுக்குப் பேப்பரில் வந்த கூப்பனை வெட்டிக்கொண்டு போனேன். காசு வாங்குகிற பெட்டை, திகதி முடிந்துவிட்டது, செல்லாது என்றாள். முடிந்தது முந்தியநாள். முந்தியநாள் செல்லுகிற கடதாசி இன்று ஏன் செல்லாது என்று கேட்டேன். வரிசை நீண்டது. அப்போது கமலினி தட்டுப்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள்.

“அங்கிள், விடுங்கோ. இதுக்குப்போய் ஏன் நிண்டு மினக்கெடுறியள்? நான் பாக்கிறன்.”

சட்டைப்பைக்குள் கைவிட்டு மிச்சக் காசைத் தானே வைத்தாள். சிரித்துக்கொண்டு வைத்தாள்.

பின்னால் வரிசையில் நின்றவர் ஜெயரட்ணம். தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர். “என்ன தனபாலண்ணை, பென்சன் காணாதாமோ? சொல்லியிருந்தா சங்கத்தில ஒரு உண்டியல் வைச்சிருப்பமே.” இரண்டு பேர் சிரித்தார்கள். கமலினியும் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். சிரிக்கவில்லை என்று பிறகு ஜெயரட்ணமே சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

நான் யாரிடமும் கை நீட்டியவன் அல்ல. கேட்காத இடத்தில் பிச்சை போடுவதற்கு அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் போய், மூன்று மஞ்சள் துண்டுகளைத் தட்டிலிருந்து உருவிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கனமில்லாத சாமான், கையடக்கம். திங்கள் காலை அவள் கழற்றி முடித்த தட்டில் ஒன்றைத் திரும்பச் செருகினேன். அந்தத் தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்க் காசு கொடுக்கிற இடத்தில் நின்றேன். விலை பிழைத்தது. மனேஜர் வந்தான். துண்டின் மூலையில் எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் போன கிழமைத் திகதி இருந்தது. அதைக் கண்டால் எவனும் என்ன நினைப்பான்? கழற்றவேண்டியவள் கழற்றவில்லை என்றுதான். எனக்குச் சாமானும் சொறியும் கிடைத்தன. அவளுக்கு என்ன கிடைத்தது என்று அன்று நான் கேட்கவில்லை.

அதை நான் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. அவளை அந்தக் கடையில் இருந்து எழுப்பவேண்டும் என்பதற்காகவே செய்தேன். இதை மென்று விழுங்கத் தேவையில்லை. அவள் அங்கே நிற்கும்வரைக்கும் அந்த வரிசையில் நான் உண்டியல்காரன்.

கடைசித் திங்கள் தேயிலைத் தட்டில் குனிந்து துண்டைச் செருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது தட்டுகளுக்கு நடுவே போகிற ஓடையின் முனையில் அவள் தன் தள்ளுவண்டியோடு நின்றாள். என் கையையும் பார்த்தாள், துண்டையும் பார்த்தாள். பிறகு அவள் கேட்டாள்:

“அங்கிள், அன்ரி சுகமாய் இருக்கிறாவோ?”

“ஓம்” என்றேன். தேயிலையை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கப் போனேன்.

மனேஜர் அவளைக் கூப்பிட்டான். துண்டைக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்டான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என் பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும். அவள் நீட்டவில்லை. “சொறி, அங்கிள்” என்றாள். அன்றோடு அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து இரத்தினசிங்கம் வீட்டுக்கு வந்தார். கடைத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறவர், மரியாதையான பொடியன். குசினிக் கதிரையில் இருந்தார். என் மனைவி சத்தியபாமா தேத்தண்ணி கொடுத்தாள். எந்தத் தேயிலை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

“அங்கிள், நான் குற்றம் பிடிக்க வரேல்லை. இலவசமாக் குடுத்த சாமானுக்கெல்லாம் உங்கடை கையெழுத்துத்தான் கிடக்குது. வெள்ளிக்கிழமை விசாரணை. அந்தத் துண்டுகள் கமலினி மறந்ததில்லை எண்டு நீங்களே வந்து ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், நான் சொன்னா எடுக்கமாட்டாங்கள். பொலிஸ் கிலிஸ் ஒண்டும் வராது. சொல்லாட்டி வேலை போட்டுது. வேலை போனா புருஷன், பிள்ளை வாற அலுவலும் அப்பிடியே நிண்டுபோம்.”

“அவள் என்ன சொல்லுறாள்?”

“அவ ஒண்டும் சொல்லுறா இல்லை. நான் விடாமக் கேட்டதுக்கு, ‘அங்கிளுக்கு என்ன கஷ்டமோ, பாவம், அவரைக் கரைச்சல்படுத்தாதேங்கோ’ எண்டா.”

அதுவரைக்கும் போய்ச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ‘பாவம்’ என்ற சொல்லோடு மனம் மாறிவிட்டது. திரும்பவும் சட்டைப்பைக்குள் கைவிட்டு எனக்குக் காசு வைக்கிறாள்.

“தம்பி, நான் வைச்சதை அவள் பாத்தவள்” என்றேன். “பாத்திட்டு, அன்ரி சுகமோ எண்டு கேட்டவள். தன்னிலை பிழையில்லாதவள் அப்பிடிக் கேப்பாளோ? சத்தம் போட்டிருப்பாள்.”

இரத்தினசிங்கம் கோப்பையை மேசையில் வைத்தார். பாதிதான் குடித்திருந்தார். எழும்பிப் போனார்.

சத்தியபாமா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கோப்பையைக் கழுவாமல் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் சொன்னது இதுதான்:

“அந்தப் பிள்ளை என்னைச் சுகம் கேட்டதெண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லை.”

இருக்கிற பிரச்சினைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளிக்கிழமை சத்தியபாமா என் கோட்டை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டுப் போனாள். போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடையின் பின்பக்கம், மனேஜரின் அறைக்கு வெளியே ஒரு நடைபாதை. அங்கே ஒரேயொரு கதிரை. அதில் கமலினி இருந்தாள். வேலைக்கு வருகிற அதே சட்டையைத் தோய்த்து அழுத்திப் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

“இருங்கோ அங்கிள். கால் நோகும்.”

நான் இருக்கவில்லை. அவளை விட்டுக் கதவைப் பார்த்தேன். உள்ளே இரத்தினசிங்கத்தின் குரல் கேட்டது. கதவைத் தட்டினால் முடிந்தது. அவள் கதிரையின் முதுகைப் பிடித்து, நான் இருப்பதற்கு வசதியாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அன்று தேயிலைத் தட்டில் ‘என்ன செய்யிறியள்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாள் என்றால் நான் மறுத்தே இருக்கமாட்டேன். கேட்காமல் விட்டது அவளுடைய பிழை. அதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

திரும்பிக் கடைக்குள் நடந்தேன். அன்று பின்னேரமே அவளுடைய வேலை போய்விட்டது என்று பிறகு ஜெயரட்ணம் சொன்னார். புருஷனும் பிள்ளையும் இன்னும் திருச்சியில்தான்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஒரு பாணும் ஒரு பால்மாவும் எடுத்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் பார்த்தேன். பாண் சரி. பால்மா சரி. கூட்டினதும் சரி. மறுபடி மேலிருந்து கீழே வாசித்தேன். எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது, எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு, பில்லை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு நடந்தேன்.