சிங்கத்தின் முகத்தில் ஒரு கோடு

வெளிச்சம் போதாவிட்டால், தயைகூர்ந்து இந்தச் சன்னலோரம் அமருங்கள், ஐயா. வெள்ளியை விளக்கொளியில் பார்ப்பது முறையன்று. எல்லா முகமும் அழகாகத் தெரிந்துவிடும்.

இளவரசரின் சேகரிப்புக்காகத் தாங்கள் வாங்கியிருக்கும் இந்த நாணயம் எங்கள் ராபென்பாக் அக்கசாலையில் அடிக்கப்பட்டதுதான். யோவாக்கிம்ஸ்தால் பள்ளத்தாக்கின் பெரிய வெள்ளிக் காசைத் தாலர் என்று ஊரெல்லாம் கொண்டாடத் தொடங்கிய காலம் அது. மலைக்கு இப்புறம் எங்கள் பிரபுவுக்கும் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. மகளின் திருமணத்துக்குள் தமக்கும் அப்படியொரு காசு வேண்டுமென்றார். சிங்கக் குகையிலிருந்து உயிரோடு மீண்டவரும் சுரங்கத்தாரின் காவலருமான தானியேல் தீர்க்கதரிசியையும், அவர் காலடியில் ஒரு சிங்கத்தையும் எஃகு அச்சில் வெட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வெட்டிய அச்சைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். நான் அவசரத்தில் குளிர்ந்த தண்ணீரில் தோய்த்துவிட்டேன். எஃகு அப்போது ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

சம்மட்டி அடிப்பவன் பங்க்ராட்ஸ். சிறிது நேரம் அடித்தபின் ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வாத்தியாரே, உங்க சிங்கத்துக்கு மூஞ்சியில தையல் போட்டிருக்கே. தானியேல் கடிச்சு வச்சிட்டாரா?”

பட்டறையே சிரித்தது. அச்சு விரிசல் கண்டிருந்தது. அந்த விரிசலில் புகுந்த வெள்ளி, காசின்மேல் நூல்போல எழும்பியிருந்தது.

“வாயை மூடிட்டு அடிடா,” என்றேன்.

தோய்ப்பில் பிழை செய்தவனின் உளிகளை எல்லோர் முன்னிலையிலும் உடைத்துப்போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். அதன்பின் அவன் அச்சைத் தொட முடியாது. ஆகவே பிற்பகலில் அந்த அச்சை உலையிலிட்டு, கதவுக் கீலாக அடித்துவிட்டேன். மறுநாள் புதிய அச்சு தயாராக இருந்தது.

பங்க்ராட்ஸுக்குக் கூலியாகக் கிடைத்தவை கோடு விழுந்த காசுகள். சந்தையில் வணிகர்கள் அந்தக் கோட்டைக் கண்டு, கள்ளக்காசு என்று அவனைப் பிடித்துக்கொடுத்தார்கள். வெள்ளி சுத்தமாகவே இருந்தது. ஆயினும் பிரபுவின் முத்திரையைக் கள்ளமாக வெட்டுவது தனிக் குற்றம். அக்கசாலையைச் சோதித்தார்கள், விரிசல் கண்ட அச்சு அங்கு இல்லை. நீதிபதி காசை என் உள்ளங்கையில் வைத்து, இது உமது கைவேலையா என்று கேட்டார். இல்லை என்று பணிவுடன் தெரிவித்தேன். பட்டறையில் சிரித்தவர்களுக்கும் அன்று ஒன்றும் நினைவில் இல்லை.

அவன் மனைவி ஓத்திலியா என் வாசலுக்கு வந்தாள்.

“அவருக்குத் தன் பேரெழுதவே வராதுங்கய்யா. சிங்கம் வெட்ட வருமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க.”

“யாரு கையில என்ன வித்தை இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?” என்றேன்.

கள்ளக்காசுக்காரருக்குரிய கொப்பரையைச் சதுக்கத்தில் ஏற்றினார்கள். எண்ணெய் காயத் தாமதமாயிற்று. அவன் முதலில் என்னைத்தான் அழைத்தான். “வாத்தியாரே” என்ற அந்தச் சொல் தெளிவாகவே கேட்டது. பிறகு சொற்களாக ஒன்றும் கேட்கவில்லை. நான் புதிய அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிடிபட்ட காசுகளையெல்லாம் உருக்கிவிட்டார்கள். எஞ்சியது இது ஒன்றே என்கிறீர்கள். சிங்கத்தின் பிடரியை இத்தனை நுட்பமாக வெட்டியவர் இந்த நாட்டில் வேறெவரும் இல்லை என்றும் தாங்கள் பெருந்தன்மையுடன் கூறினீர்கள். ஆனால் பேழையில் இதன் கீழே பங்க்ராட்ஸின் பெயரைப் பொறிக்கப்போவதாக அறிந்தபின் என்னால் மௌனமாக இருக்க இயலவில்லை.

அருள்கூர்ந்து செவெரின் டோல் என்று திருத்துங்கள், ஐயா. பிறர் உழைப்புக்குப் பெயர் வாங்கியவன் என்ற பழி அந்த ஏழையின்மேல் விழுவதை என் மனச்சாட்சி பொறுக்காது.