குறைகிற எண்ணெய்

தாம்பரத்தில் ரயில் கிளம்பும் முன்பே, லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே இருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்த தோழியிடம் சொன்னாள்: "எண்ணெய் குறையுதுக்கா. எங்க வீட்டுக்காரரு தாடி மட்டும் அப்படியே இருக்கு."

"என்ன எண்ணெய்?"

"ஷேவ் பண்றதுக்கு முன்னாடி தடவுறது. விளக்கெண்ணெயும் தேங்கா எண்ணெயும் கலந்து அவரே வீட்ல பண்றாரு. தடவிட்டா பிளேடு வழுக்கிக்கிட்டுப் போகுமாம், எரியவே எரியாதாம். தாடி வச்சிருக்கிற மனுஷனுக்கு அது எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை எங்கயாவது போறாரா?"

"சர்ச் முடிஞ்சதும் பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிடறாரு. கேட்டா ஃப்ரெண்டைப் பாக்கணுமாம்."

தோழியின் குரல் தாழ்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் அவர்கள் பக்கம் வைத்திருந்தேன்.

"அவரு எடுத்துட்டுப் போற பையைப் பாத்தியா?"

"பாத்தேன். எண்ணெய் பாட்டிலும் ரேசரும் இருந்துச்சு. ரேசர்ல ஒட்டியிருந்த முடி பூரா வெள்ளைக்கா. அவருக்கு ஒரு நரைகூடக் கிடையாது."

ரயில் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டியது.

"இரும்புலியூர்ல உன் மாமனாரு..."

"அவருதான். கை நடுங்குதாம், தானா ஷேவ் பண்ண முடியலயாம்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. எங்க கல்யாணத்துக்கே வராத மனுஷன்க்கா. நீங்க அந்த வாசப்படியை மிதிச்சா நான் இங்க இருக்க மாட்டேன்னு இவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டியா?"

"இல்ல. நேத்து பாட்டில் காலியா இருந்துச்சு. நானே கலந்து ரொப்பி வச்சேன்."

"என்ன சொன்னாரு?"

"காலையில நான் கிளம்புற வரைக்கும் என்னைத்தான் சந்தேகமா பாத்துக்கிட்டிருந்தாரு."